நண்பர்களுடன் ஐரோப்பா: பாரிசிலிருந்து ரோம் வரை 16 இரவுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வெனிஸ் நகரில் கொண்டோலாப் படகில் அரை மணி நேரம் சுற்றிவர நகராட்சி நிர்ணயித்திருக்கும் பகல்நேரக் கட்டணம் 90 யூரோ. அது ஆளுக்கு வாங்கும் கட்டணம் அல்ல, படகுக்கு வாங்கும் கட்டணம். ஒரு படகில் ஐந்து பேர் வரை ஏறலாம் என்பதால், தனியாகப் போகிறவருக்கு 90 யூரோ ஆகிற அதே அரை மணி நேரம் ஐந்து நண்பர்களுக்கு ஆளுக்கு 18 யூரோவில் முடிந்துவிடுகிறது. இரவு ரயிலின் படுக்கை அறை, சமையலறையுடன் கூடிய வாடகை வீடு, விமான நிலையத்துக்குப் போகும் டாக்சி என்று ஐரோப்பாவில் கூட்டாகப் போகிறவர்களுக்குச் சாதகமான கணக்குகள் இன்னும் பல உண்டு. ஆனால் அதே ஐந்து பேரும், ஒருவருக்கு அருங்காட்சியகம், ஒருவருக்குக் கடைவீதி, ஒருவருக்குத் தூக்கம் என்று காலை பத்து மணிக்கு விடுதி வாசலில் நின்று வாதாடத் தொடங்கினால், எந்தக் கட்டணச் சலுகையும் அந்த நாளைக் காப்பாற்றாது.

சிரித்துப் பேசிக்கொண்டே ஊர் பார்த்து வர வேண்டும் என்ற எண்ணத்துடன் முதன்முறையாக ஐரோப்பாவுக்குப் புறப்படும் நண்பர் குழுவை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்து, பணத்தையும் நேரத்தையும் பற்றிய பேச்சைப் புறப்படுவதற்கு முன்பே முடித்துவிட்ட குழுதான் பயணம் நெடுகிலும் சிரிக்கிறது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை ஒட்டியே அமைந்திருக்கிறது.

முதற்படி: ஆள்கணக்கும் மனக்கணக்கும்

நான்கு அல்லது ஐந்து பேர் என்பதே மிகப் பொருத்தமான எண்ணிக்கை. ஐரோப்பிய ரயில்களில் எதிரெதிராக அமைந்த நான்கு இருக்கைகளும் நடுவில் ஒரு மேசையும் கிடைக்கும். உணவகங்களில் ஐந்து பேருக்கு எளிதாக இடம் கிடைக்கும். ஆறு பேருக்கு மேல் போனால் எல்லாவற்றுக்கும் முன்பதிவு தேவைப்படும். ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டால், ஒரே ஊரில் இரண்டு குழுவாகப் பிரிந்து சுற்றி, இரவு உணவுக்கு மட்டும் ஒன்றுகூடுவது நல்லது.

புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பாக எல்லோரும் ஒரு மாலை உட்கார்ந்து மூன்று கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லவேண்டும். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு செலவு செய்ய முடியும்? காலையில் எத்தனை மணிக்கு வெளியே கிளம்ப முடியும்? எந்த ஒன்றைப் பார்க்காமல் திரும்பினால் மனம் வருந்தும்? முதல் கேள்வியில் மிகக் குறைந்த தொகையைச் சொன்னவருடைய எல்லையே குழுவின் எல்லையாக இருக்கவேண்டும். அவரை மட்டும் விடுதியில் விட்டுவிட்டு மற்றவர்கள் விலை உயர்ந்த உணவகத்துக்குப் போகும் நிலை ஒருமுறை வந்தால்கூட அந்தக் கசப்பு ஊர் திரும்பும்வரை இருக்கும். மூன்றாவது கேள்விக்கு ஒவ்வொருவரும் சொல்லும் ஒரே ஓர் இடத்தை எழுதி வைத்துக்கொண்டு, அவற்றை எல்லாம் சுற்றித்தான் பயணப் பாதையை வரையவேண்டும்.

அதே மாலையில் பொறுப்புகளையும் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ரயில் பயணச்சீட்டுகளையும், ஒருவர் தங்குமிடங்களையும், ஒருவர் நுழைவுச்சீட்டுகளையும் பார்த்துக்கொள்ளட்டும். கணக்குப் பிள்ளையாக இருப்பவருக்கு வேறு வேலை எதுவும் தரவேண்டாம். எல்லாப் பொறுப்பும் ஒருவர் தலையில் விழுந்துவிட்டால், அவர் ஊர் பார்க்க வந்தவராக இல்லாமல் வழிகாட்டி வேலைக்கு வந்தவர்போல் ஆகிவிடுவார்.

இரண்டாம் படி: பாதையும் இரவுகளும்

பத்து நாளில் ஏழு நாடு என்று வரைந்துகொண்டு போகிறவர்கள் உண்மையில் பார்ப்பது ரயில் நிலையங்களைத்தான். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இடம் மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுதல், அறையைக் காலி செய்தல், நிலையத்துக்குப் போதல், புதிய ஊரில் சாவிக்காகக் காத்திருத்தல் என்று அரை நாள் போய்விடும். எனவே நான் பரிந்துரைப்பது இந்தப் பாதையை: பாரிசில் 4 இரவுகள், ஆம்ஸ்டர்டாமில் 2, அங்கிருந்து சூரிச்சுக்கு இரவு ரயிலில் 1, சுவிட்சர்லாந்தின் லாட்டர்ப்ரூன்னன் பள்ளத்தாக்கில் 3, வெனிசில் 2, ரோமில் 4. மொத்தம் 16 இரவுகள். பிளாரன்ஸ் நகரை ரோமிலிருந்து ஒரு பகல் பயணமாகப் பார்த்துவிடலாம். அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொலைவுதான். பிராகு, வியன்னா, புடாபெஸ்ட் ஆகிய மூன்றும் மிக அழகிய ஊர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அவற்றை இந்தப் பயணத்தில் திணிக்காமல், அவற்றுக்கென்று இன்னொரு முறை வருவதே அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

மே மாதப் பிற்பகுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையிலும், பிறகு செப்டம்பரிலும் போவது நல்லது. ஜூன் மாதப் பாரிசில் இரவு ஒன்பதே முக்கால் மணிக்கு மேல்கூட வெளிச்சம் இருக்கும் என்பதால், காலையில் தாமதமாக எழும் நண்பர்களுக்கும் முழுப் பகல் கிடைத்துவிடும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் இத்தாலியில் வெயில் கடுமையாக இருப்பதுடன் கூட்டமும் நெருக்கித் தள்ளும்.

மூன்றாம் படி: ஷெங்கன் விசா

மேலே சொன்ன பாதையில் வரும் பிரான்ஸ், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளும், ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் பகுதியைச் சேர்ந்தவை. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பிரிட்டனும் அயர்லாந்தும் அதில் இல்லை என்பதால் இலண்டனைச் சேர்க்க நினைப்பவர்கள் தனியாக அனுமதி பெறவேண்டும். 29 நாடுகள் கொண்ட இப்பகுதியில், எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்பது குறுகியகாலப் பயணிகளுக்கான விதி.

விசா தேவைப்படுவோர் எந்த நாட்டுத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதில்தான் நண்பர் குழுக்கள் பெரும்பாலும் தவறு செய்கின்றன. முதலில் இறங்கும் நாட்டில் விண்ணப்பிக்கவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக, எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்கவேண்டும். நாள்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு. நம் பாதையில் பிரான்சில் 4 இரவுகள், நெதர்லாந்தில் 2, சுவிட்சர்லாந்தில் 3, இத்தாலியில் 6. ஆகவே பாரிசில் இறங்கினாலும் விண்ணப்பம் இத்தாலிக்குத்தான் போகவேண்டும். பிளாரன்சும் ரோமும் வேண்டாம் என்று பிறகு மாற்றினால் இந்தக் கணக்கும் மாறிவிடும் என்பதால், பாதையை முடிவு செய்யாமல் படிவத்தைத் தொடாதீர்கள்.

பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கக்கூடாது. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் ஆகும். சில விண்ணப்பங்களுக்கு 45 நாள் வரை நீளலாம். கோடைக்கு முந்திய மாதங்களில் நேர்காணல் நாள் கிடைப்பதே கடினம் என்பதால் மூன்று மாதத்துக்கு முன்பே அந்த நாளைப் பதிவு செய்துவிடவேண்டும். கடவுச்சீட்டு கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லக்கூடியதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்கவேண்டும். மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பதும் கட்டாயம்.

ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பித்தாலும் எல்லோருடைய பயணத் திட்டமும் நாள் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். உடன் வரும் நண்பர்களின் பெயர்களை விளக்கக் கடிதத்தில் எழுதுங்கள். விசா கைக்கு வரும்வரை, கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விடுதிகளை மட்டுமே பதிவு செய்யுங்கள். ஐந்து பேரில் ஒருவருக்கு விசா மறுக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் பயணிகளின் முகப்படம் உள்ளிட்ட விவரங்களை மின்னணு முறையில் பதியும் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. முதல்முறை நுழையும்போது இதற்குக் கூடுதல் நேரம் ஆகலாம் என்பதால், இறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வேறு எதற்கும் சீட்டு வாங்கி வைக்காதீர்கள்.

நான்காம் படி: எதை முன்பே பதிவு செய்வது

எல்லாவற்றையும் முன்பதிவு செய்தால் பயணம் பள்ளிக்கூட அட்டவணைபோல் ஆகிவிடும். எதையும் செய்யாவிட்டால் வரிசையில் நிற்பதிலேயே நாள் கழியும். ஒரு நாளைக்கு ஒரு முன்பதிவு, அதுவும் முற்பகலில் மட்டும் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. பிற்பகல் முழுவதும் திறந்து கிடக்கட்டும்.

கட்டாயம் முன்பே வாங்கவேண்டியவை சில உண்டு. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்துக்கு நேரம் குறித்த சீட்டு வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கும். அந்த மாலை நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் நெரிசல் கொஞ்சம் குறைவாக இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் பிராங்க் நாஜிகளுக்குத் தப்பி ஒளிந்திருந்த வீட்டுக்கான சீட்டு இணையத்தில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்குப் பிந்திய சீட்டுகளைத் திறக்கிறார்கள். அந்தச் செவ்வாயைக் கணக்கிட்டு அலாரம் வைத்துக்கொள்ளவேண்டும். ரோமின் கொலோசியத்துக்கு 30 நாள் முன்பு விற்பனை தொடங்கும். சீட்டில் பார்வையாளரின் பெயர் அச்சாகி இருக்கும் என்பதால் ஒருவருடையதை இன்னொருவர் பயன்படுத்த முடியாது. வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறன்று மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், ஆனால் அன்று வரும் கூட்டத்தை எண்ணினால் அந்த இலவசம் வேண்டாம் என்றே சொல்வேன். பிளாரன்சில் உஃபிட்சி ஓவியக் கூடமும் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை இருக்கும் அக்காதெமியாவும் திங்களன்று விடுமுறை.

ரயிலைப் பொறுத்தவரை, பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் வழியில் ஓடும் யூரோஸ்டார் ரயில், இத்தாலியின் அதிவேக ரயில்கள், இரவு ரயில் ஆகியவற்றின் கட்டணம் விமானச் சீட்டைப்போல் நாள் நெருங்க நெருங்க ஏறும். மூன்று மாதம் முன்பே வாங்கினால் நல்ல விலைக்குக் கிடைக்கும். இத்தாலியின் வட்டார ரயில்களுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை.

பல நாட்டு ரயில்களில் ஏற உதவும் யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்காக 1959 முதல் இருந்துவரும் இந்தப் பாஸ், இப்போது 33 நாடுகளில் செல்லும். 27 வயது வரை உள்ளவர்களுக்குச் சலுகை உண்டு. ஆனால் நம் பாதைக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். பாரிஸ்–ஆம்ஸ்டர்டாம் ஒரு நாள், இரவு ரயில் ஏறும் நாள் இரண்டு, சூரிச்சில் இறங்கி லாட்டர்ப்ரூன்னன் போகும் நாள் மூன்று, அங்கிருந்து வெனிஸ் நான்கு, வெனிஸ்–ரோம் ஐந்து, பிளாரன்ஸ் போய்வரும் நாள் ஆறு. ஆறு பயண நாளுக்குப் பாஸ் வாங்கிய பிறகும், யூரோஸ்டார், இரவு ரயில், இத்தாலிய அதிவேக ரயில் ஆகிய மூன்றுக்கும் இருக்கைப் பதிவுக் கட்டணம் தனியாகக் கட்டவேண்டும். நாள்கள் உறுதியாகிவிட்ட இப்படிப்பட்ட பயணத்துக்குத் தனித்தனிச் சீட்டுகளை முன்பே வாங்குவதுதான் பெரும்பாலும் மலிவு. நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்தபோது ஏறவேண்டும் என்று விரும்பும் குழுவுக்கு, அதிலும் முன்பதிவு தேவைப்படாத ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ரயில்களில் அதிகம் போகும் குழுவுக்கு, பாஸ் பொருந்தும்.

ஐந்தாம் படி: பெட்டி

ஆளுக்கு ஒரு முதுகுப்பையும் தானே தூக்கக்கூடிய ஒரு சிறு பெட்டியும் போதும். வெனிசில் நானூற்றுக்கு மேற்பட்ட பாலங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் படிகள். சக்கரம் வைத்த பெரிய பெட்டியை அந்தப் படிகளில் தூக்கி ஏற்றி இறக்கும் நண்பர் அன்று மாலைவரை சிரிக்கமாட்டார். தேய்ந்து பழகிய காலணி, மெல்லிய மழைச்சட்டை, தண்ணீர்ப் புட்டி, தேவாலயங்களுக்காகத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஓர் உடை ஆகியவை கட்டாயம். இரண்டு மெல்லிய உருண்டை முனைகள் கொண்ட சார்ஜர் நான்கு நாட்டிலும் பொருந்தும். கைப்பேசிக்கு ஐரோப்பிய ஈ-சிம் வாங்கும்போது சுவிட்சர்லாந்தும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள். ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால் பல திட்டங்களில் அந்நாடு விடுபட்டிருக்கும்.

ஆறாம் படி: பொதுப் பணப்பை

ஒவ்வொரு காப்பிக்கும் ஐந்து பேர் ஐந்து அட்டையை நீட்டுவது சலிப்பூட்டும். எங்கள் குழுவில் நாங்கள் செய்தது இது: ஆளுக்கு 50 யூரோ போட்டு ஒரு பையில் வைத்தோம். எல்லோரும் சேர்ந்து உண்பது, எல்லோரும் சேர்ந்து ஏறும் டாக்சி, வீட்டுக்கு வாங்கும் ரொட்டி, பால், பழம், கழிப்பறைக்கான சில்லறை எல்லாம் அந்தப் பையிலிருந்து போகும். பை காலியானால் மறுபடி ஆளுக்கு 50. அறை வாடகை போன்ற பெரிய தொகைகளை மட்டும் பங்கு பிரிக்கும் செயலி ஒன்றில் அன்றிரவே ஏற்றிவிடவேண்டும். நாளை ஏற்றலாம் என்று விட்ட கணக்கு ஒருபோதும் நேராவதில்லை.

அந்தப் பைக்கு ஒரு விதியைப் பிற்பாடு சேர்த்தோம். இத்தாலியில் வட்டார ரயிலுக்குத் தாளில் அச்சிட்ட சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன்பு நடைமேடையில் உள்ள சிறு இயந்திரத்தில் அதைச் செருகி நேர முத்திரை பதித்துக்கொள்ளவேண்டும். நாங்கள் பேச்சு மும்முரத்தில் அதை மறந்து ஏறிவிட்டோம். பரிசோதகர் வந்து அபராதம் விதித்தார். சீட்டைக் கையில் வைத்திருந்தவர் முகம் வாடிப்போய்த் தன் பணத்தை எடுத்தபோது, கணக்குப் பிள்ளை அவர் கையைத் தடுத்துப் பொதுப் பையிலிருந்து கட்டினார். அன்றிலிருந்து, யார் தவறினாலும் அபராதம் பொதுப் பையிலிருந்தே என்பது விதியாயிற்று. பயணத்தில் நாங்கள் செய்த மிக நல்ல ஏற்பாடு இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

கடை இயந்திரமோ ஏ.டி.எம். இயந்திரமோ தொகையை உங்கள் நாட்டுப் பணத்தில் காட்டி ‘இதிலேயே செலுத்தலாமா’ என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லி யூரோவையே தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விலை பெரும்பாலும் பாதகமாகவே இருக்கும். சுவிட்சர்லாந்தில் நாணயம் பிராங்க். அங்கே ஏறத்தாழ எல்லா இடத்திலும் அட்டை செல்லும்.

ஏழாம் படி: ஊர் ஊராக

பாரிசில் முதல் நாளை வெறும் நடையாக வைத்துக்கொள்ளுங்கள். 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட நோத்ர் தாம் தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. அங்கிருந்து சேன் நதிக்கரை வழியே மேற்காக நடந்தால் லூவரும் அதற்கப்பால் துய்லரித் தோட்டமும் வரும். ஐபல் கோபுரத்தின் இரண்டாம் தளத்துக்கு 674 படிகள். நண்பர்கள் எண்ணிக்கொண்டே ஏறினால் களைப்பு அவ்வளவாகத் தெரியாது, மின்தூக்கிச் சீட்டைவிட விலையும் குறைவு. ஆனால் கோபுரத்தின் மேலே நிற்பதைவிட, இருட்டிய பிறகு எதிரே உள்ள புல்வெளியில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பழமும் வாங்கிவந்து உட்கார்ந்திருப்பதே எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு மணி தொடங்கும்போதும் ஐந்து நிமிடம் கோபுரம் முழுவதும் மினுமினுக்கும். அப்போது புல்வெளியில் இருக்கும் அத்தனை பேரும், எந்த ஊர்க்காரராக இருந்தாலும், ஒரே குரலில் ஆரவாரம் செய்வதைக் கேட்கலாம். மெட்ரோவில் பயன்படும் நவிகோ ஈசி அட்டையை ஒன்று வாங்கி ஐந்து பேரும் மாற்றி மாற்றிக் காட்ட முடியாது. ஆளுக்கு ஒன்று வேண்டும்.

ஆம்ஸ்டர்டாமில் பேருந்து, டிராம், ரயில் எல்லாவற்றிலும் தொடாமல் செலுத்தும் வங்கி அட்டையையே ஏறும்போதும் இறங்கும்போதும் காட்டினால் போதும். இங்கும் ஆளுக்கு ஓர் அட்டை. இறங்கும்போது காட்ட மறந்தால் கூடுதல் தொகை பிடித்துவிடுவார்கள். செந்நிறத்தில் போடப்பட்ட பாதை மிதிவண்டிகளுக்கானது. அதில் நின்று குழுப்படம் எடுப்பது ஆபத்தும் மரியாதைக் குறைவும் ஆகும். மத்திய ரயில் நிலையத்தின் பின்புறமிருந்து ‘ஐ’ (IJ) என்னும் நீர்ப்பரப்பைக் கடந்து வடகரைக்குப் போகும் பயணிப் படகுகள் இலவசம். மாலையில் ஏறி, அக்கரையில் ஒரு மணி நேரம் உலாவித் திரும்பலாம்.

மூன்றாம் நாள் இரவு சூரிச் ரயில். ஆறு படுக்கைகள் கொண்ட அறையை ஐந்து பேராக முழுதாக எடுத்துக்கொண்டால் கதவைச் சாத்திக்கொண்டு பேசிக்கொண்டே போகலாம். உணவை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். காலையில் திரையை விலக்கும்போது சுவிஸ் வயல்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

லாட்டர்ப்ரூன்னன் இந்தப் பயணத்தின் இதயம் என்பேன். இருபுறமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். ஊரின் விளிம்பிலேயே 297 மீட்டர் உயரத்திலிருந்து ஷ்டௌப்பாக் அருவி விழுகிறது. கீழே வருவதற்குள் நீர் பெரும்பாலும் தூசிபோல் சிதறிவிடுவதால், அடியில் நிற்பவர் முகத்தில் சாரல் மட்டுமே படும். இங்கே சமையலறை உள்ள வீட்டை எடுத்து, கூட்டுறவுக் கடையில் காய்கறி வாங்கிச் சமைத்தால், சுவிஸ் உணவகச் செலவில் பெரும்பகுதி மிஞ்சும். ஊர்க் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

யுங்ஃபிராவ்யோக் என்னும் மலைக்கணவாய்க்கு ரயிலில் போவதா வேண்டாமா என்பது குழுவில் பெரிய விவாதமாக இருக்கும். ஐகர், மோங்க் மலைகளின் உள்ளே குடைந்த சுரங்கம் வழியே ஏறி 3,454 மீட்டர் உயரத்தில் முடியும் அந்த ரயில்பாதை 1912-இல் திறக்கப்பட்டது. ஐரோப்பாவின் மிக உயரமான ரயில் நிலையம் அது. சுற்றுலாப் பருவத்தில் முழுக் கட்டணம் 200 பிராங்குக்கு மேல். அவ்வளவு கொடுத்து மேகத்துக்குள் நிற்பதில் பயனில்லை என்பதால், சீட்டை முன்பே வாங்காமல், காலையில் எழுந்ததும் உச்சியில் உள்ள நேரடிக் கேமராவைப் பாருங்கள். எங்கள் முதல் இரண்டு காலைகளிலும் திரை வெறும் வெண்மையாக இருந்தது. மூன்றாம் காலை ஆறரை மணிக்கு நீல வானம் தெரிந்தவுடன், பார்த்தவர் மற்ற நால்வரையும் தட்டி எழுப்பினார்; தலை சீவாமல் ஓடினோம். மேலே காற்று மெல்லியது. மெதுவாக நடக்கவும், தலை சுற்றினால் உட்காரவும் தயங்காதீர்கள்.

மேகம் மூடிய நாள்களை வீணாக்க வேண்டியதில்லை. உருகும் பனியாற்று நீர் மலைக்குள்ளேயே சுழன்று இறங்கும் ட்ரூமெல்பாக் அருவிகளுக்கு வானம் தெளிவாக இருக்கவேண்டும் என்பதில்லை. கம்பிவட ஊர்தியில் க்ரூட்ஷல்ப் ஏறி, அங்கிருந்து கார் நுழையாத ம்யூரன் கிராமத்துக்குப் பெரும்பாலும் சமதளமான பாதையில் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடலாம். செலவு மிகக் குறைவு; குழுவில் மலையேறிப் பழக்கமில்லாதவரும் நடக்கலாம்.

அங்கிருந்து ஷ்பீட்ஸ், மிலான் வழியாக வெனிஸ் போய்ச் சேர ஒரு பகல் ஆகும். வெனிசில் கோடையை ஒட்டிய குறிப்பிட்ட நாள்களில் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் 5 அல்லது 10 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள். அங்கே இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை இணையத்தில் பதிந்துகொள்ளவேண்டும். வேப்பரெட்டோ நீர்ப்பேருந்துக்கு 75 நிமிடச் சீட்டு 9.50 யூரோ. முதலாம் எண் படகில் முன்பக்க இருக்கை கிடைத்தால் பெருங்கால்வாய் முழுவதையும் அந்தச் சீட்டிலேயே பார்த்துவிடலாம். கொண்டோலாவுக்குப் புனித மார்க் சதுக்கத்தின் நெரிசலை விட்டு, உட்புறச் சிறு கால்வாய்களில் உள்ள துறைகளில் ஏறுங்கள். பேரம் பேசாமல், 30 நிமிடம், 90 யூரோ, ஐந்து பேர் என்று ஏறும் முன்பே உறுதி செய்துகொள்ளவேண்டும்.

ரோமில் நான்கு இரவுகள் என்பது அதிகமல்ல. முதல் முற்பகல் கொலோசியம், இரண்டாவது வத்திக்கான், மூன்றாவது பிளாரன்ஸ், கடைசி நாள் யாருக்கு எது வேண்டுமோ அது. இந்தப் பிரிந்து போகும் நாளை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: இரண்டு வாரம் ஒன்றாகவே இருந்தவர்கள் ஒரு பகல் தனித்தனியாகச் சுற்றி, இரவு உணவில் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்வதற்கு மறுபடி கதைகள் இருக்கும். பாந்தியன் ஆலயத்துக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. குவிமாடத்தின் உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை பெய்தால் உள்ளே விழுந்து தரையின் சிறு துளைகள் வழியே வடிந்துவிடும். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்தால் அபராதம். தெருவோர நாசோனி குழாய்களில் எப்போதும் குளிர்ந்த குடிநீர் கொட்டிக்கொண்டே இருக்கும். வளைந்த மூக்கின் நுனியை விரலால் அடைத்தால், மேலே உள்ள சிறு துளை வழியாக நீர் வில்போல் எழும்பும், குனியாமலே குடிக்கலாம். இதைக் கற்றுக்கொண்ட பிறகு எங்கள் குழுவில் யாரும் தண்ணீர்ப் புட்டியை வாங்கவில்லை.

சைவம் மட்டும் உண்பவர்கள் குழுவில் இருந்தால், பல சூப்புகளில் இறைச்சிச் சாறும், பார்மிசான் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளும் சேர்கின்றன என்பதை அறிந்திருக்கவேண்டும். தக்காளியும் பூண்டும் மட்டும் இட்ட மரினாரா பீட்சா, கொண்டைக்கடலையில் செய்த வடைபோன்ற பலாஃபெல் ஆகியவை பாதுகாப்பான தேர்வுகள்.

எட்டாம் படி: இடர் வந்தால்

ஐரோப்பிய நகரங்களில் பயணிகளுக்கு வரும் பெரிய தொல்லை ஜேப்படி. பாரிஸ் மெட்ரோ, ரோமில் தெர்மினி நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் செல்லும் 64-ஆம் எண் பேருந்து, வெனிஸ் படகுத்துறைகள் ஆகிய இடங்களில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். கையெழுத்து கேட்டு அட்டையை நீட்டுகிறவர்களிடமும், பாரிசின் மோன்மார்த்ர் குன்றுப் படிக்கட்டில் கையில் நூல் கட்ட வருகிறவர்களிடமும் நிற்காமல் நடந்துவிடுங்கள். பொதுப் பையை ஒரே ஆள் முழுப் பயணத்துக்கும் சுமக்காமல், அன்றன்றைய செலவை மட்டும் கையில் எடுத்துச் செல்வது நல்லது. கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால் தேடி அலையாமல், கடைசியாக எல்லோரும் சேர்ந்து நின்ற இடத்துக்குத் திரும்பவேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள்.

அவசர உதவிக்கு நான்கு நாடுகளிலும் 112. கடவுச்சீட்டு தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார், அடுத்து உங்கள் நாட்டுத் தூதரகம். கடவுச்சீட்டின் படமும் விசாவின் படமும் குறைந்தது இரண்டு நண்பர்களின் கைப்பேசியில் இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து புறப்படும் விமானம் நிறுவனத்தின் காரணமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், தொலைவைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு கேட்க 2004-ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே ஏறும் அட்டையை எறிந்துவிடவேண்டாம்.

கடைசி இரவு, ரோமில் இரவு உணவு முடிந்ததும், மேசையிலேயே செயலிக் கணக்கை நேர் செய்து, யார் யாருக்குத் தரவேண்டுமோ அதை அங்கேயே அனுப்பிவிடுங்கள். பொதுப் பையில் மிஞ்சும் தாள்களைப் பங்கிட்டுக்கொண்ட பிறகும், பங்கு போட முடியாத சில செப்பு நாணயங்கள் அடியில் கிடக்கும். 1762-இல் கட்டி முடிக்கப்பட்ட த்ரெவி நீரூற்றுக்கு அவற்றை எடுத்துச் செல்லுங்கள். நீருக்கு முதுகைக் காட்டி நின்று, வலக்கையால் இடத்தோளுக்கு மேலாக எறியவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம். அப்படி எறிந்தவர் ரோமுக்குத் திரும்ப வருவார் என்பது நம்பிக்கை. அந்த நாணயங்களை அவ்வப்போது அள்ளியெடுத்து, ஏழைகளுக்கு உதவும் காரித்தாஸ் அமைப்பிடம் ஒப்படைக்கிறார்கள்.